எஃப்.எம்.ஜி.இ. தேர்ச்சிக்குப் பிறகு: பயிற்சி மருத்துவர் இடத்துக்கு விண்ணப்பிக்கும் வழி

வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் மருத்துவராகப் பதிவு பெற நினைப்பவர்கள் மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் எஃப்.எம்.ஜி.இ., அதாவது வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு. அடுத்து மாநில மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. அதன்பின் 12 மாதக் கட்டாயச் சுழற்சிப் பயிற்சி. இந்தப் பயிற்சியை விதிப்புத்தகம் சி.ஆர்.எம்.ஐ. என்கிறது. மருத்துவமனைகளில் பலர் இன்னும் பழைய வழக்கப்படி சி.ஆர்.ஆர்.ஐ. என்பார்கள், நோயாளிகளோடு வருபவர்களில் வயதானவர்கள் ஹவுஸ் சர்ஜன் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

முதல் கட்டத்துக்கு ஊரெங்கும் கோச்சிங் இருக்கிறது. மற்ற இரண்டையும் பொறுமையாகச் சொல்லித்தர ஆள் குறைவு. அதனால்தான் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள்கூட ஒரு தாள் குறைவதால் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா அம்மா நகையையும் நிலத்தையும் வைத்துப் படிக்க வைத்திருப்பார்கள். அந்த வீட்டில் ஒவ்வொரு மாதமும் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விண்ணப்பம் சென்னையில் தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நீங்கள் படிக்கும் ஊரில், கடைசி ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே விட்டுவிட்டு வந்த தாளை இங்கிருந்து வாங்குவது பெரும்பாடு.

உங்களுக்கு எந்த விதி?

தேசிய மருத்துவ ஆணையம், அதாவது என்.எம்.சி., 18 நவம்பர் 2021 அன்று இரண்டு விதித்தொகுப்புகளை வெளியிட்டது. ஒன்று வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான உரிம விதி, மற்றொன்று சுழற்சிப் பயிற்சி விதி. அந்தத் தேதிக்குப் பிறகு வெளிநாட்டில் சேர்ந்தவர்களுக்கு உரிம விதி முழுவதுமாகப் பொருந்தும். அதற்கு முன்பே படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பழைய விதிகள்.

புதிய விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், பயிற்று மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். அதே வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். படிப்பு முழுவதும் ஒரே நிறுவனத்தில் நடந்திருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டு ஒரு நாட்டில், மீதி இன்னொரு நாட்டில் என்று பிரித்துப் படித்தது செல்லாது. அந்த நாட்டின் குடிமக்கள் பெறும் அதே மருத்துவ உரிமத்தைப் பெறும் தகுதி உங்களுக்கும் இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். இத்தனைக்கும் மேல் இந்தியாவில் இன்னொரு 12 மாதப் பயிற்சி. "அங்கேயே ஒரு வருடம் செய்துவிட்டேனே, இங்கே எதற்கு?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். புதிய விதியில் இரண்டும் வேண்டும்.

கரோனா காலத்திலும் உக்ரைன் போரின்போதும் ஊர் திரும்பி ஆன்லைனில் படித்தவர்கள் நிலைமை வேறு. 28 ஜூலை 2022 சுற்றறிக்கைப்படி, இறுதியாண்டில் திரும்பி வந்து 30 ஜூன் 2022க்குள் படிப்பு முடித்த சான்று பெற்றவர்கள் இங்கே ஓராண்டுக்குப் பதிலாக இரண்டாண்டுப் பயிற்சி செய்ய வேண்டும். இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டில் திரும்பியவர்களுக்கு அது மூன்றாண்டு வரை போனது. பின்னர் வந்த சுற்றறிக்கைகள், ஆன்லைனில் போன வகுப்புகளை நேரில் ஈடுகட்டியதற்கான சான்றைக் கேட்கின்றன. நீங்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் நண்பர் சொன்னார், சீனியர் சொன்னார் என்று போகாதீர்கள். ஒரே கல்லூரியில் படித்த இரண்டு பேருக்கே, ஊர் திரும்பிய தேதியைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

விமானம் ஏறும் முன் கையில் இருக்க வேண்டியவை

பட்டமளிப்பு விழாப் படம் இன்ஸ்டாகிராமில் ஏறியவுடன் பெட்டி கட்டிவிடுவது இயல்பு. இரண்டு மூன்று வாரம் கூடுதலாகத் தங்கி இவற்றை முடித்துவிட்டு வாருங்கள்:

- பட்டச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்புடன்
- எல்லா ஆண்டுகளுக்குமான மதிப்பெண் விவரம், அதாவது டிரான்ஸ்கிரிப்ட். பாடவாரியாக மணிக்கணக்கு தெளிவாகத் தெரிய வேண்டும்
- அங்கே செய்த பயிற்சியின் நிறைவுச் சான்று, எந்த மருத்துவமனையில் எந்தத் துறையில் எத்தனை நாள் என்ற விவரத்தோடு
- பயிற்று மொழி ஆங்கிலம் என்ற கடிதம்
- படிப்பு தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் உள்ள கடிதம். விடுப்போ இடைவெளியோ இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும்
- அந்த நாட்டில் மருத்துவம் பார்க்க இந்தப் பட்டம் தகுதியானது என்று உரிய அதிகார அமைப்பு தரும் சான்று

பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஒப்பந்த நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் அரசுச் சான்றொப்பம், வேண்டும், அல்லது அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் வேண்டும். ஜார்ஜியா, ரஷ்யா, கஜகஸ்தான், பிலிப்பைன்ஸ் எல்லாம் அப்போஸ்டில் ஒப்பந்த நாடுகள். சீனாவில் இந்த முறை 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது இந்தியா ஆட்சேபம் தெரிவித்ததால் இரு நாடுகளுக்கும் இடையே அது பொருந்தவில்லை, எனவே அங்கே படித்தவர்கள் தூதரகச் சான்றொப்பத்தைக் கேட்டுப் பாருங்கள். இந்த முத்திரையைப் பட்டம் கொடுத்த நாட்டில்தான் போட முடியும். சென்னையில் யாராவது "நாங்கள் போட்டுத் தருகிறோம்" என்றால், உங்கள் மூலச் சான்றிதழைக் கூரியரில் அந்த நாட்டுக்கு அனுப்பி, அங்கே ஒருவரிடம் பணம் கொடுத்துப் போட்டு வாங்குவார்கள் என்றுதான் அர்த்தம். மூலச் சான்றிதழை அப்படிக் கண்காணாத கையில் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டையும் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த நாட்டில் உண்மையிலேயே இருந்தீர்களா என்பதைக் குடிவரவு முத்திரைகளை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வையுங்கள். நடுவில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழையதும் வேண்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முத்திரை மங்கியிருந்தாலோ விட்டுப்போயிருந்தாலோ விசா, குடியிருப்பு அட்டை, பயணச்சீட்டு ஆகியவை கைகொடுக்கும்.

கன்சல்டன்சி வழியாகச் சேர்ந்தவர்கள் பலருக்கு மூலச் சான்றிதழ்கள் ஏஜென்ட் கையில் இருக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களைக்கூடச் சேரும்போது வாங்கி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. படிப்பு முடியும் முன்பே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் "பாக்கி இருக்கிறது" என்ற பேச்சு வரும்.

இனிஷியலும் இரண்டு பெயர்களும்

தமிழ்ப் பிள்ளைகளின் கோப்பு அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். மற்ற மாநிலத்தவருக்கு இது இவ்வளவு பெரிய தலைவலி இல்லை.

நம் பள்ளிச் சான்றிதழில் பெயர் "கார்த்திக் ச" என்று இருக்கும், அல்லது "ச. கார்த்திக்" என்று முன்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் அப்பா பெயரை முழுதாகப் போட்டு "கார்த்திக் சண்முகம்" ஆகிவிடும். பல்கலைக்கழகம் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் குடும்பப்பெயரை முன்னால் வைத்து "சண்முகம் கார்த்திக்" என்று பட்டத்தில் அச்சடிக்கும். ரஷ்ய மொழி எழுத்தில் எழுதி, அதைத் திரும்ப ஆங்கில எழுத்துக்கு மாற்றும் நாடுகளில் எழுத்துக்கூட்டலும் மாறிப்போகும். நீட் விண்ணப்பத்தில் இன்னொரு வடிவம், ஆதாரில் வேறொரு வடிவம். நமக்கு எல்லாம் ஒரே ஆள். சரிபார்ப்பவருக்கு அது நான்கு பெயர்.

இதை மூன்று இடத்தில் சரிசெய்யலாம். மிக எளிதானது, பட்டம் அச்சாவதற்கு முன். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பெயர் சரிபார்க்கச் சொல்லி வரைவு காட்டும். அந்த நேரத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, பட்டம் வந்தபின் ஆனால் அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன். பல்கலைக்கழகத்திடமோ இந்தியத் தூதரகத்திடமோ "இந்த இரண்டு பெயர்களும் ஒரே நபரைக் குறிக்கும்" என்ற கடிதம் வாங்கலாம். மூன்றாவது, இங்கே வந்தபின். சிறிய வித்தியாசம் என்றால் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் பல இடங்களில் போதுமானதாக இருக்கும். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர்மாற்ற அறிவிப்பு வெளியிட வேண்டி வரும், அதற்குக் காலம் பிடிக்கும்.

என் கருத்து இதுதான். எஃப்.எம்.ஜி.இ. விண்ணப்பத்தில் எந்தப் பெயர் போடுகிறீர்களோ, அதுதான் இனி உங்கள் மருத்துவப் பெயர். தேர்ச்சிச் சான்று, தற்காலிகப் பதிவு, நிரந்தரப் பதிவு, நாளை எழுதும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. எல்லாம் அதன் மேல்தான் அடுக்கப்படும். அந்த விண்ணப்பத்தை நள்ளிரவில் ஹாஸ்டலில் அவசரமாக நிரப்பாதீர்கள். எல்லாச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். அப்பா பெயர், பிறந்த தேதி இரண்டுக்கும் இதே கவனம் வேண்டும்.

தேர்வும் தேர்ச்சிச் சான்றும்

எஃப்.எம்.ஜி.இ. பற்றி எழுத நிறையப் பேர் இருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். தேசியத் தேர்வு வாரியமான என்.பி.இ.எம்.எஸ். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் பருவங்களுக்கு, இதை நடத்துகிறது. மொத்தம் 300 கேள்விகள், 150 வீதம் இரண்டு பகுதி. 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே எதையும் விடாமல் குறியுங்கள். தேர்ச்சி விகிதம் பல பருவங்களில் 20 சதவீதத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. ஒருமுறை போனால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், அடுத்த பருவம் ஆறு மாதத்தில் வரும். நாடு முழுவதற்கும் பொதுவாகத் திட்டமிடப்பட்டுள்ள நெக்ஸ்ட் என்ற உரிமத் தேர்வு வந்தால் இதற்குப் பதிலாக அது நடக்கும். அது நடைமுறைக்கு வரும்வரை எஃப்.எம்.ஜி.இ.தான்.

முடிவு வந்தவுடன் கிடைப்பது மதிப்பெண் பட்டியல். தேர்ச்சிச் சான்றிதழ் வேறு. அதை வாங்க நேரில் வரச் சொல்லித் தேதிவாரியாக அட்டவணை போடுவது வழக்கம். டெல்லி துவாரகா அலுவலகத்தில் கைரேகையும் முகமும் ஒப்பிட்டுப் பார்த்து, மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்த பிறகே கையில் கொடுப்பார்கள். உங்கள் தேதியைத் தவறவிட்டால் பயிற்சி ஒதுக்கீட்டின் அடுத்த சுற்றையும் தவறவிட நேரலாம். அதனால் முடிவு வந்த நாளிலிருந்து வாரியத்தின் இணையதளத்தைத் தினமும் பாருங்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று சிலர் கோபப்படுகிறார்கள். 2022 டிசம்பரில் சி.பி.ஐ. ஒரு வழக்குப் பதிந்தது. எஃப்.எம்.ஜி.இ.யில் தேர்ச்சி பெறாமலேயே பதிவு வாங்கியதாக 73 வெளிநாட்டுப் பட்டதாரிகள் மீதும், 14 மாநில மருத்துவ கவுன்சில்கள் சம்பந்தப்பட்டும் அந்த வழக்கு. அதன்பின் எந்தக் கவுன்சில் அலுவலரும் உங்கள் தாளை ஒருமுறைக்கு இருமுறை பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர்மையாகப் படித்துத் தேறியவர்களின் பட்டத்துக்கு மதிப்புக் குறையாமல் இருப்பதும் அந்தச் சரிபார்ப்பினால்தான்.

கவுன்சிலில் தற்காலிகப் பதிவு

தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் சென்னை அரும்பாக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது. விண்ணப்பத்தை இணையத்தில் பதிவேற்றி, பிறகு மூலச் சான்றிதழ்களோடு அழைக்கும் நாளில் போக வேண்டும். மேலே சொன்ன வெளிநாட்டுத் தாள்கள், தேர்ச்சிச் சான்று ஆகியவற்றோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், நீட் மதிப்பெண் அட்டை, வெளிநாட்டில் படிக்க என்.எம்.சி.யிடம் தகுதிச் சான்று வாங்கியிருந்தால் அது, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, புகைப்படங்கள் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினருக்கு 50 சதவீதமும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் வேண்டும். சாதிச் சான்றை விட்டுவிட்டுப் போனால் 40 சதவீதக் கணக்கைக் காட்ட வழியில்லை.

இரண்டு செட் நகல், மூலச் சான்றுகள் தனிக் கோப்பில், எல்லாவற்றின் ஸ்கேனும் ஒரு பென்டிரைவில். நகல்களை விண்ணப்பத்தில் கேட்ட வரிசையிலேயே அடுக்கிக்கொண்டு போங்கள். வரிசையாக இருக்கும் கோப்பு வேகமாக நகரும்.

பட்டம் உண்மையானதுதானா என்று பல்கலைக்கழகத்துக்கோ தூதரகத்துக்கோ கடிதம் அனுப்பிக் கேட்பதும் நடக்கும். அதற்கு அங்கிருந்து பதில் வர வேண்டும். இங்கேதான் நீங்கள் கிளம்பும் முன் செய்து வைத்த ஒரு வேலை உதவும். உங்கள் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் பிரிவில் இதற்குப் பொறுப்பானவர் யார், அவருடைய அலுவலக மின்னஞ்சல் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் போனது தெரிந்ததும் நீங்களே மரியாதையாக ஒரு மடல் எழுதி நினைவூட்டலாம்.

தற்காலிகப் பதிவு பயிற்சிக்காக மட்டுமே தரப்படுவது. தனியாக மருந்துச்சீட்டு எழுதவோ கிளினிக்கில் உட்காரவோ அது அனுமதி கொடுப்பதில்லை.

இடம் ஒதுக்கீடு, பணம், உங்கள் உரிமை

4 மார்ச் 2022 அன்று என்.எம்.சி. வெளியிட்ட சுற்றறிக்கையை ஒவ்வொருவரும் போனில் வைத்திருக்க வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் முக்கியம். ஒரு மருத்துவக் கல்லூரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த இடங்களில் 7.5 சதவீதம் வரை கூடுதலாக வெளிநாட்டுப் பட்டதாரிகளின் பயிற்சிக்கு ஒதுக்கலாம். பயிற்சிக்காகக் கல்லூரி எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. அரசுக் கல்லூரிகளில் இந்தியப் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் அதே உதவித்தொகையும் வசதிகளும் உங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

7.5 சதவீதம் என்றால் 150 இடமுள்ள கல்லூரியில் 11 பேர் அளவுக்குத்தான் வரும். சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி போன்ற 250 இடக் கல்லூரிகளில் 18 பேர். ஒரு பருவத்தில் தேறி வருபவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது போதாது, அதனால் காத்திருப்பு வருகிறது. எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்ற பட்டியலும், விருப்பம் பதியும் தேதியும், எந்த அடிப்படையில் முன்னுரிமை என்பதும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். போன பருவத்தில் இப்படித்தான் நடந்தது என்று வாட்ஸ்ஆப் குழுவில் வருவதை நம்பி உட்காராமல், உங்கள் பருவத்துக்கான அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள்.

விருப்பப் பட்டியலைப் போடும்போது எல்லோரும் சென்னை, மதுரை, கோவை என்று எழுதுகிறார்கள். பெரிய கல்லூரியில் நோயாளிகள் அதிகம், உண்மைதான். ஆனால் அங்கே பி.ஜி.க்களும், அதாவது மேற்படிப்பு மருத்துவர்களும், அதிகம். ஊசி குத்துவதிலிருந்து பிரசவம் வரை எல்லாவற்றுக்கும் உங்களுக்கு முன்னால் ஒருவர் நிற்பார். மாவட்டக் கல்லூரிகளில் பி.ஜி. குறைவு, வேலை நேராக உங்கள் கைக்கு வரும். 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், அரியலூர், ராமநாதபுரம் உட்பட 11 மாவட்டங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இப்படிப்பட்ட கல்லூரி பட்டியலில் இருந்தால் தயங்காமல் மேலே எழுதுங்கள். வெளிநாட்டில் படித்த பெரும்பாலோருக்குக் குறைவது கைப்பழக்கம்தான். அது கிடைக்கும் இடத்துக்குப் போவதே புத்திசாலித்தனம்.

இப்போது பணம். "டெபாசிட்", "நிர்வாகச் செலவு", "நன்கொடை", "ஹாஸ்டல் கட்டாயம்" என்று வெவ்வேறு பெயரில் கேட்கும் தனியார் இடங்கள் உண்டு. ஒரு கல்லூரியில் என்னோடு சேர்ந்த நண்பர்களிடம் உதவித்தொகைக்கான கணக்கைத் திறக்கச் சொல்லிவிட்டு, வரும் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். ஏழு பேரும் சேர்ந்து எழுத்தில் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது. கேட்பதானால் தனியாகக் கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், ரசீது கேளுங்கள். கட்டணம் வாங்க மாட்டோம் என்று கல்லூரியிடம் உறுதிமொழி வாங்க வேண்டியது கவுன்சிலின் வேலை, எனவே புகாரும் அங்கே போகலாம்.

"இடம் பிடித்துத் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஒதுக்கீடு கவுன்சில் வழியாக நடக்கிறது. அவர் கையில் எதுவும் இல்லை. உங்கள் பயம் ஒன்றுதான் அவருக்கு முதலீடு.

வேறு மாநிலத்துக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். போகலாம், ஆனால் பல மாநிலங்கள் சொந்த மாநிலத்தவருக்கே முதலில் கொடுக்கின்றன. அந்த மாநிலக் கவுன்சிலில்தான் தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும், பிறகு நிரந்தரப் பதிவை இங்கே மாற்றும் வேலையும் சேரும். மொழியும் யோசிக்க வேண்டியது. வயிற்றுவலி எங்கே, எப்போது, எப்படி என்று நோயாளியிடம் சரளமாகக் கேட்க முடியாத வார்டில் ஓராண்டு கழிப்பது கடினம்.

காத்திருக்கும் மாதங்கள்

இந்த இடைவெளியில் பக்கத்து நர்சிங் ஹோமில் "டியூட்டி டாக்டர்" வேலை வரும். இரவு மட்டும் பார்த்தால் போதும், நல்ல சம்பளம் என்பார்கள். போகாதீர்கள். பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்பது 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆனால் மருத்துவமனை உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடும்.

அதற்குப் பதில் நம் ஊர் நோய்களைப் படியுங்கள். ஜார்ஜியாவின் திபிலிசியிலோ கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கிலோ ஆறு ஆண்டு படித்தவர் ஒரு பாம்புக்கடியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இங்கே கேசுவால்டியில், அதாவது அவசரப் பிரிவில், முதல் வாரத்திலேயே வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் கொடுக்கிறோம். ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிய வேண்டும். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் எப்படி ஏற்றுவது, எதைப் பார்த்து நிறுத்துவது என்பதும் அப்படித்தான். எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் நாள் நன்றாக எழுந்து நடப்பார், கல்லீரல் பிறகுதான் கெடும். அரளி விதை, டெங்கு, காசநோய் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள். 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை இருப்பதால் சேர்ந்த பிறகு தொடங்கினால் பாதி ஆண்டு பாதுகாப்பில்லாமல் போகும்.

சேர்ந்த பிறகு

ஒதுக்கீட்டு ஆணை, தற்காலிகப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், புகைப்படங்களோடு டீன் அலுவலகத்தில் சேருங்கள். சேர்ந்த தேதி ஆவணத்தில் சரியாக ஏறியிருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள். உங்கள் 12 மாதம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். நீட் பி.ஜி.க்குப் பயிற்சி எந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு கெடு உண்டு. 2025இல் அது ஜூலை 31. சில நாள் தாமதமாகச் சேர்ந்ததாலேயே ஓராண்டு போனவர்கள் இருக்கிறார்கள்.

சுழற்சியில் மிக நீண்டது சமூக மருத்துவம், 12 வாரம். பொது மருத்துவமும் பொது அறுவை சிகிச்சையும் ஆறாறு வாரம், மகப்பேறு ஏழு வாரம். குழந்தை மருத்துவம், மனநலம், எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மயக்கவியல், கேசுவால்டி எல்லாம் சில வாரங்கள். விருப்பப் பாடங்களுக்கு நான்கு வாரம். சமூக மருத்துவப் போஸ்டிங்கைப் பலர் ஓய்வுக்காலமாக நினைக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தால்தான் சர்க்கரை மாத்திரையை ஒரு மூதாட்டி ஏன் பாதியில் நிறுத்துகிறார் என்று புரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாகப் போகும் பணியாளர்களோடு ஒரு நாளாவது கூடப் போய்ப் பாருங்கள்.

விடுப்பு ஆண்டு முழுவதற்கும் 15 நாள்தான், அதுவும் முன் அனுமதியோடு. அதற்கு மேல் போனால் பயிற்சி நீளும். லாக் புத்தகத்தை அன்றன்றைக்கு எழுதி, போஸ்டிங் முடியும் நாளிலேயே யூனிட் சீஃப் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அவர் மாற்றலாகிப் போய்விட்டால் தேடிக்கொண்டு இன்னொரு மாவட்டம் போக வேண்டும்.

மருத்துவச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், போலீஸ் வழக்கு சம்பந்தப்பட்ட ஆவணம் எதிலும் பயிற்சி மருத்துவர் தன் பெயரில் கையெழுத்துப் போடக் கூடாது. எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் கூடாது.

நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் மறைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே பொறுப்பு மருத்துவரிடம் சொல்லி, எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. திட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமல் விடுவதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

வெளிநாட்டில் படித்தவர் என்று முதல் வாரங்களில் யாராவது ஒரு மாதிரி பார்க்கலாம். சிலர் வாய்விட்டும் சொல்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நர்ஸ் அக்காவிடமும் பி.ஜி.யிடமும் கேட்டுக் கற்றுக்கொள்பவரை வார்டு சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். கேனுலா போட, ரத்தம் எடுக்க, கதீட்டர் போட நர்ஸ்களைப் போலச் சொல்லித்தர ஆள் கிடையாது.

பயிற்சி முடியும் மாதத்தில் ஒவ்வொரு துறையின் நிறைவுக் கையெழுத்தும், நூலகம், விடுதி நிலுவை இல்லை என்ற சான்றும் வாங்கத் தொடங்குங்கள். நிறைவுச் சான்றில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, பெயர் மூன்றையும் அலுவலகத்தை விட்டு வெளியே வரும் முன்பே தற்காலிகப் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதை வைத்துத்தான் அரும்பாக்கத்தில் நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு எழுத்து மாறியிருந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.